2008-இல் இந்தியாவில் யாருக்கும் வேலை போகவில்லையா?

“2008-இல் அமெரிக்கா கவிழ்ந்தபோது, சேமிப்புப் பழக்கத்தால் இந்தியாவில் ஒருத்தருக்குக்கூட வேலை போகவில்லை.” கிருஷ்ணகிரி வாட்ஸ்அப் குழுக்களில் இப்படி ஒரு செய்தி சுற்றுகிறது. பாதி சரி, பாதி கட்டுக்கதை.

சரியான பாதி: இங்கே பெரிய வங்கி எதுவும் திவாலாகவில்லை. அதற்குச் சேமிப்பு மட்டுமே காரணம் அல்ல. அமெரிக்க வீட்டுக் கடன் பத்திரங்களில் நம் வங்கிகள் அதிகம் சிக்கவில்லை, அவ்வளவுதான்.

வேலை விஷயம் முற்றிலும் தவறு. 2008 செப்டம்பர் 15 அன்று அமெரிக்காவின் பெரிய முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் திவால் மனு கொடுத்தது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மட்டும் சுமார் 5 லட்சம் வேலைகள் போனதாக மத்திய அரசின் தொழிலாளர் பணியகமே மதிப்பிட்டது. ஜவுளி, வாகனம், சுரங்கம் உள்ளிட்ட சில துறைகளின் கணக்குதான் அது.

நம் ஓசூரையே எடுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு ஆர்டர் குறைந்தால் லாரியில் ஏற்றச் சரக்கு இல்லை. ஃபைனான்ஸும் இறுகியது. அப்புறம் புது லாரியை யார் வாங்குவார்கள்? நாடு முழுக்க லாரி விற்பனை படுத்தது. லாரி விற்காவிட்டால், அதற்கு போல்ட் செய்து கொடுக்கும் லேத் பட்டறையில் முதலில் ஓவர்டைம் நிற்கும். அடுத்து கான்ட்ராக்ட் ஆளை நிறுத்திவிடுவார்கள். அவர் பெயர் பெரும்பாலும் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. வேலை போனதும் வெளியே தெரியாது.

பாதிப்பே இல்லையென்றால், டிசம்பரில் மத்திய அரசு உற்பத்தி வரியை 4 சதவீதப் புள்ளி குறைத்தது எதற்காம்?