கேத்தலைத்தான் எடுப்பேன்

ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடியிருப்பில் நடந்த மழைக்கால முன்னெச்சரிக்கைக் கூட்டத்தைப் பற்றி உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். அங்கே இருந்தவர்கள் சிலர் இதையும் படிப்பீர்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். உயிர், மருந்து, பத்திரம் எல்லாம் போக வீட்டிலிருந்து ஒரே ஒரு பொருளை எடுக்கலாம் என்றால் எதை எடுப்பீர்கள் என்று துண்டுச்சீட்டில் எழுதச் சொன்னார்கள். "அம்மாயியின் கேத்தல்" என்று எழுதிக் கொடுத்தேன். அம்மாயி என்றால் என் அம்மாவின் அம்மா. மைக்கில் வாசித்தார்கள். கேத்தல் என்றால் என்ன என்று ஒருவர் கேட்டார். தேத்தண்ணிக்கு, அதாவது டீக்கு, தண்ணீர் கொதிக்கவைக்கிற எனாமல் பாத்திரம் என்றேன். "ஷோகேஸ்ல இருக்குற சைனா செட்டை விட்டுட்டு அந்தச் சிலோன் தகர டப்பாவையா தூக்குவீங்க?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். கூட்டமே சிரித்தது. வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் வாட்ஸ்ஆப் குழுவில் துருப்பிடித்த டப்பா படம் போட்டு ஒரு ஸ்டிக்கர்.

மூன்று நாளாகப் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆபத்து நேரத்தில் எதை எடுப்பது என்பதற்கு விலை அளவுகோலே கிடையாது. "இது போனால் திரும்பக் கிடைக்குமா?" என்று மட்டும்தான் பார்க்க வேண்டும். என் கல்யாணத்துக்கு வந்த பதினைந்து உருப்படி சைனா செட் போனால், பணம் சேர்த்து அதைவிட நல்லதாகவே வாங்கலாம். கேத்தல் போனால் போனதுதான்.

இதைக் கற்பனையில் சொல்லவில்லை. 2015 டிசம்பர் 1 அன்று நாங்கள் சென்னையில் தாம்பரம் பக்கம் முடிச்சூரில் தரைத்தளத்தில் இருந்தோம். மறுநாள் காலை எட்டரை மணிவரையான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை, செம்பரம்பாக்கத்தில் 47. எங்களுக்கு அந்தக் கணக்கெல்லாம் பிறகுதான் தெரியும். அன்றிரவு தெரிந்தது, குளியலறைச் சாக்கடை வழியாகத் தண்ணீர் எதிர்த்து வந்ததும், மின்சாரம் போனதும்தான். மாமியாரை மாடி வீட்டு அக்காவிடம் ஏற்றிவிட்டு, பிள்ளையை ஏற்றிவிட்டு, மருந்துப் பையையும் பத்திரக் கோப்பையும் கொடுத்துவிட்டுத் திரும்பினால் முழங்காலுக்கு மேல் தண்ணீர். ஃபிரிட்ஜ் சாய்ந்து மிதக்கிறது. கையில் ஒரு டார்ச். ஷோகேஸ் எதிரிலேயே இருந்தது. நான் அடுப்படிக்குப் போனேன்.

கேத்தல் அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தது. காலி எனாமல் பாத்திரத்துக்கு என்ன எடை? தண்ணீர் அதைத் தூக்கிக்கொண்டு போய் வாசற்படி ஓரம் விட்டிருந்தது. கையால் துழாவித்தான் பிடித்தேன். மூடி இல்லை. மூடி அன்றைக்குப் போனதுதான், இன்றுவரை கிடைக்கவில்லை.

"அதுக்காகத் தண்ணிக்குள்ள திரும்பிப் போனியா?" என்று கேட்பீர்கள். போனேன். அது தப்பு, மறுபடி செய்ய மாட்டேன். என் வீட்டுக்காரர் படியில் நின்று கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், தண்ணீர் வந்த பிறகு யோசிக்காதீர்கள். எது என்பதை வெயில் அடிக்கிற நாளிலேயே முடிவு செய்து, வாசலுக்குப் பக்கத்தில், உயரத்தில், பையோடு வையுங்கள். அந்தக் கூட்டத்தில் நான் எழுந்து சொல்ல நினைத்ததும் இதைத்தான். சிரிப்புச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

சைனா செட் என்ன ஆனது தெரியுமா? ஒன்றும் ஆகவில்லை. மீனவர்கள் கொண்டுவந்த படகில் வெளியேறி, தண்ணீர் வடிந்து, ஆறு நாள் கழித்து வந்து பார்த்தால் ஷோகேஸுக்குள் சேற்றோடு அப்படியே அடுக்கியிருந்தது. இரண்டு சாஸர் மட்டும் உடைந்திருந்தன. மெருகேற்றிச் சுட்ட பீங்கான் தண்ணீரை உறிஞ்சாது. சோப்புப் போட்டுக் கழுவி, பிளீச்சிங் தண்ணீரில் ஊறவைத்து, மறுபடி நன்றாக அலசினால் முடிந்தது. எனாமல் அப்படியில்லை. இரும்புத் தகட்டின் மேல் கண்ணாடிப் பூச்சை உருக்கிப் பிடிக்கவைத்தது அது. பூச்சு பெயர்ந்த இடத்தில் இரும்பு வெளியே தெரியும். சேற்றில் ஆறு நாள் கிடந்தால் அங்கே துரு ஏறி அரிக்கத் தொடங்கிவிடும். ஆக வெள்ளத்தில் அவசரமாகத் தூக்க வேண்டியது எது, விட்டுவிட்டுப் போகக்கூடியது எது? விலைச்சீட்டைப் பார்த்து முடிவு செய்பவர்கள் நேர் தலைகீழாகத்தான் செய்வார்கள். நிலநடுக்கமாக இருந்தால் கணக்கு வேறு. தீயாக இருந்தால் எதுவுமே வேண்டாம், ஓடுங்கள்.

"ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கோங்களேன், நினைவு அதுல இருக்கும்" என்று ஒரு தம்பி நல்ல மனதோடுதான் எழுதியிருந்தார். தம்பி, போட்டோவில் தண்ணீர் கொதிக்காது. போட்டோவை அம்மா தொட்டுப் பார்க்க முடியாது. இதற்குமேல் அந்த யோசனைக்குப் பதில் சொல்ல எனக்கு மனமில்லை.

எனக்கு அதிகம் வலித்தது வேறு ஒருவர் சிரித்தது. பெயர் சொல்ல மாட்டேன், அவருக்கே தெரியும். ஜப்பானியப் பொருட்கள் என்றால் உயிரை விடுவார். உடைந்த தேநீர்க் கிண்ணத்தை அரக்கும் பொன்தூளும் வைத்து ஒட்டுகிற கின்ட்சுகி பற்றி எங்களுக்கெல்லாம் பாடம் எடுத்தவர். அவர் சொல்லித்தான் எனக்கு சுகுமோ நாஸு தெரியும். கத்திரிக்காய் வடிவில், உள்ளங்கைக்குள் அடங்கும் தேயிலைத்தூள் ஜாடி. 1615ல் ஒசாகா கோட்டை எரிந்து விழுந்த பிறகு, தோகுகவா இயெயாசு ஆள் விட்டுச் சாம்பலைக் கிளறி அதன் துண்டுகளைப் பொறுக்கி எடுக்கவைத்தார். ஃபுஜிஷிகே என்ற அரக்குவேலைக்காரர்கள், அப்பாவும் மகனும், அதை ஒட்டிக் கொடுத்தார்கள். இன்று டோக்கியோவில் செய்காதோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எக்ஸ்ரே எடுத்தால்தான் உள்ளே அத்தனையும் சில்லு என்று தெரியுமாம். இதைச் சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கும். எனக்கும் கலங்கியது, பொய் இல்லை.

எங்கள் கேத்தலின் அடியில் ஒரு ஓட்டை இருக்கிறது. எங்கள் தாத்தா அதில் ஒரு குட்டி ஆணியைச் செருகி, இரண்டு பக்கமும் வாஷர் வைத்துத் தட்டி அடைத்திருக்கிறார். ஆணித்தலையைச் சுற்றி ஐம்பது வருஷத்துத் தேயிலைச் சாயக்கறை வளையம் வளையமாகப் படிந்திருக்கிறது. கைப்பிடியில் பூச்சு போன இடத்தில் செம்புக்கம்பி சுற்றியிருக்கிறது. சூடு தாங்க அம்மாயி அதன்மேல் சேலைக்கிழிசலைச் சுற்றிப் பிடிப்பாள். ஜப்பான்காரர் ஒட்டினால் கலை, எங்கள் தாத்தா ஒட்டினால் தகர டப்பாவா? இந்தக் கேள்வியை அவரிடம் நேரிலும் கேட்பேன்.

"சிலோன்" என்று அழுத்திச் சொன்ன அந்தக் குரலுக்கும் சொல்கிறேன், ஆமாம், சிலோன்தான். ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் லயத்துக் காம்பிராவில், அதாவது வரிசையாகக் கட்டிய தொழிலாளர் அறை ஒன்றில், பிறந்தவள் என் அம்மாயி. கொழுந்து பறித்த கை. ஊருக்கெல்லாம் தேயிலை பறித்துக் கொடுத்துவிட்டு வீட்டில் தூளைப் போட்டுப் பாலில்லாத வெறுஞ்சாயம் குடித்தவள். சீனியைக் கையில் வைத்து நக்கிக்கொண்டே குடிப்பாள். 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, குடியுரிமை இல்லாமல் இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினர் ஒன்பதே முக்கால் லட்சம் பேரைத் தலைக்கணக்காகப் பிரித்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை லட்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. அந்த மக்களை யார் கேட்டார்கள்? அம்மாயிக்கு இந்தியாவுக்குப் போகிற முறை வந்தது 1973ல்.

அவளுக்கும் அன்றைக்கு அதே கேள்விதான். எதை எடுப்பது? எங்களுக்காவது ஒரு ராத்திரி. அவளுக்கு ஒரு வாழ்க்கை முழுக்க. தோட்டத்துத் துரை பங்களாவில் வேலை செய்த அவளுடைய அக்காவுக்கு அங்கே கொடுத்த பூப்போட்ட பீங்கான் கோப்பைகள் ஆறு வீட்டில் இருந்தனவாம். அவற்றைப் பக்கத்துக் காம்பிரா பார்வதிக்குக் கொடுத்துவிட்டு கேத்தலைத் தூக்கிக்கொண்டாள். "கோப்பைல என்னத்தைக் காய்ச்சுறது? புள்ளைகளுக்குப் போற வழில சுடுதண்ணி வேணுமில்ல" என்பாள். தலைமன்னாருக்குப் போன ரயிலை ஒப்பாரிக் கோச்சி என்று சொல்வார்கள். ஏறியவர்களும் அழுதார்கள், வழியனுப்ப வந்தவர்களும் அழுதார்கள். அங்கிருந்து ராமேஸ்வரத்துக்கு ராமானுஜம் கப்பல். பிறகு மண்டபம் முகாம். முகாமில் மூன்று கல்லைக் கூட்டி இந்தக் கேத்தலில் தண்ணீர் காய்ச்சித்தான் என் சித்தியின் காய்ச்சலுக்குக் கொடுத்தாள். பிறகு நீலகிரியில் பந்தலூர் பக்கம் சேரம்பாடி, மறுபடியும் தேயிலை, மறுபடியும் கொழுந்துக் கூடை. அங்கே உள்ளூர்க்காரர்கள் அவளைக் கடைசிவரை "சிலோன்காரி" என்றுதான் கூப்பிட்டார்கள். சிலோனில் இருந்தபோது "இந்தியாக்காரி". அம்மாயி அதைச் சொல்லும்போது குரலே மாறாது. எனக்குத்தான் இப்போதும் தொண்டை அடைக்கிறது.

"இவ்வளவு பாசம் இருந்தா ஏன் கீழ்த்தட்டுல போட்டு வெச்சிருந்தீங்க?" என்று ஒரு அக்கா கேட்டிருந்தார்கள். நியாயமான கேள்வி அக்கா. எனக்கும் அந்தக் குற்ற உணர்ச்சி உண்டு. வீட்டுக்கு வருகிறவர்கள் பார்த்துவிடக் கூடாது என்று நான்தான் உள்ளே தள்ளி வைத்திருந்தேன். ஷோகேஸில் வைக்க வேண்டியதை ஒளித்துவைத்தேன். ஞாயிற்றுக்கிழமை சிரித்தார்களே, அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் பத்து வருஷம் ஒளித்தேன். அம்மாயி கொண்டுவந்த எனாமல் கோப்பைகள் இரண்டை இதே வெட்கத்தில் எங்கள் சொந்தக்காரர் வீட்டிலேயே பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிட்டார்கள். கிலோ கணக்கில். யாரும் யாரிடமும் கேட்கவில்லை.

அதற்காகச் சைனா செட் வைத்திருப்பவர்கள் மேல் எனக்குக் கோபம் என்று நினைக்காதீர்கள். உங்கள் அம்மா வாங்கித் தந்த செட் என்றால் அதையே தூக்குங்கள், நான் சிரிக்க மாட்டேன். எவர்சில்வர் டம்ளர் ஒன்றுதான் என்றாலும் சிரிக்க மாட்டேன். திரும்பக் கிடைக்குமா என்று உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள், பிறகு தூக்குங்கள். அடுத்தவர் சீட்டை மைக்கில் வாசித்துச் சிரிக்காதீர்கள். இவ்வளவுதான் நான் கேட்பது.

நேற்று ராத்திரி கேத்தலைப் பழைய துண்டில் சுற்றி, மருந்துப் பையோடு சேர்த்து வாசல் பரணில் வைத்துவிட்டேன். அம்மா கூடவே நின்று பார்த்தாள். மூடி இல்லாத வாயில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "நல்லா சுத்துடி, மூக்கு இடிச்சிரும்" என்றாள்.

குழுவில் அந்த ஸ்டிக்கர் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. போட்டவரும் அழிக்கவில்லை, அட்மினும் அழிக்கவில்லை. நாளைக் காலை மறுபடி பார்ப்பேன்.