திறப்பைக் கொடுப்பதா, விடுவதா?

போன கிழமை ஒரு மெசேஜ் வந்தது. ஆளை எனக்குத் தெரியாது. எங்கள் வான் வண்டியின் படத்தை யாரோ பகிர்ந்ததில் பார்த்தாராம், கொழும்பில் வேலை செய்கிற புருசன் மனுசி இரண்டு பேராம், நாலு நாள் வன்னி சுற்றிப் பார்க்க வருகிறார்களாம், டிரைவர் தேவையில்லை தாங்களே ஓடுவார்களாம், நாளுக்கு 15,000 ரூபாய் வாடகை தருவார்களாம். வீட்டில் காட்டினேன். மனுசி "அறுபதாயிரம்" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லுக்குள் பிள்ளைகளின் ரியூசன் காசு, எரிந்துபோன கிணற்று மோட்டார், தங்கச்சியின் மகளுடைய சாமத்திய வீடு எல்லாம் அடங்கியிருந்தது என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்களிடம் இருப்பது ஒரு பழைய டொல்பின் வான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள் இல்லையா, அதற்கு அடுத்த வருடம் விலை ஏறிக்கொண்டிருக்கும்போதே அவசரப்பட்டு வாங்கியது. பின் சீற்றுகளைக் கழற்றி வைத்துவிட்டு, பரந்தனில் ஒரு தச்சரைப் பிடித்து வேப்பம் பலகையில் கட்டில் அடித்தோம். கட்டிலுக்குக் கீழே இழுப்பறை, மூலையில் ஒரு தண்ணீர்க் கலன், ஒற்றைக் காஸ் அடுப்பு, மடித்து வைக்கிற நுளம்பு வலை, மின்விசிறிக்கும் லைற்றுக்கும் தனியாக ஒரு பற்றரி. அவ்வளவுதான். ஊர்ப் பொடியள் இதற்கு "உருளுற வீடு" என்று பெயர் வைத்துவிட்டார்கள். மடுத் திருவிழாவுக்குப் போனால் இதற்குள்தான் படுப்போம். வற்றாப்பளைப் பொங்கலுக்கும் இதற்குள்தான். மற்ற நாட்களில் மாமரத்துக்குக் கீழே நிற்கும், அணில் ஏறி விளையாடும்.

நிற்கிற வாகனம் காசைத் தின்னும் என்பது உண்மைதான். ஓடாமல் நின்றாலும் வருடா வருடம் வரிப் பத்திரம் எடுக்க வேண்டும், புகைப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும், காப்புறுதி கட்ட வேண்டும், பற்றரி இறங்கும், ரயர் வெடிக்காமலே பழுதாகும். ஆகவே வாடகைக்கு விடலாமா என்ற யோசனை எனக்கு அந்த மெசேஜோடு வந்ததில்லை.

அம்மாவிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "காசு குடுத்து வாகனத்துக்குள்ள படுக்கிற ஆக்களும் இருக்கினமோ?" என்று கேட்டார். சிரிப்பதா விடுவதா என்று தெரியவில்லை. 2009இல் நாங்கள் ஒரு டிரக்டர் பெட்டிக்குக் கீழே எத்தனை இரவு படுத்தோம் என்று அவரிடம்தான் கணக்கு இருக்கிறது. அடுப்பு, பாய், தண்ணீர்க் கலன் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு இடம் இடமாகப் போவதற்கு வெளிநாட்டில் பெரிய பெரிய பெயர்கள் வைத்திருக்கிறார்கள் என்பது அம்மாவுக்குப் புதிய செய்தி. சரி, அது வேறு கதை.

எல்லாரும் எனக்குச் சொன்ன புத்தி ஒன்றுதான்: "தெரியாத ஆக்களுக்குக் குடுக்காதை." நான் இதில் ஒத்துப்போகவில்லை. எனக்கு இதுவரை அடி விழுந்தது தெரிந்தவரிடம்.

இரண்டு வருடத்துக்கு முதல், உறவுக்காரர் ஒருவர், பெயர் வேண்டாம், நெருங்கிய ஆள், புதுக்குடியிருப்பில் ஒரு கலியாணம் என்று வானைக் கேட்டார். மனிதர் வாசலில் வந்து நின்று கேட்கும்போது அடையாள அட்டைக் கொப்பி தாருங்கள் என்று கேட்க முடியுமா? முற்பணம் கேட்க முடியுமா? திறப்பை எடுத்துக் கொடுத்தேன், போதாக்குறைக்கு டீசலும் அடித்துக் கொடுத்தேன். அடுத்த நாள் மத்தியானம் வான் வந்தது. கழுவிக் கொண்டுவந்து விட்டிருந்தார். அதுவே முதல் சந்தேகம், ஏனென்றால் தன் மோட்டார் சைக்கிளையே கழுவாத மனிதர் அவர். கிளிநொச்சியிலிருந்து புதுக்குடியிருப்புக்குப் போய்வர எழுபது எண்பது கிலோமீற்றர் வரும். மீற்றரில் கூடியிருந்தது 12. டீசல் முள்ளோ சிவப்புக்குக் கிட்ட. மீற்றர் கேபிளைக் கழற்றி ஓடிவிட்டுத் திரும்பப் பூட்டியிருக்கிறார், நட்டில் புதிதாக ஸ்பானர் கீறின அடையாளம் பளபளத்தது. பின்பக்கம் ஒரு விரற்கடை பதிந்து நின்றது. மெத்தையைத் தூக்கிப் பார்த்தேன். கட்டில் சட்டத்துக்கும் தகரத்துக்கும் இடையில், தண்ணீர் அடித்தும் போகாமல், வெளிர்மஞ்சள் சிராய்கள். எடுத்து மணந்து பார்த்தேன். முதிரை மரம்.

கலியாண வீட்டுக்கு முதிரைக் குத்தி கொண்டுபோகிற வழக்கம் எங்கள் ஊரில் இல்லை.

அன்று இரவு நான் நித்திரை கொள்ளவில்லை. ஏன் என்று சொல்கிறேன், வாகனம் வைத்திருக்கிற எல்லாரும் இதைத் தெரிந்திருக்க வேண்டும். வனக் கட்டளைச் சட்டத்தின்படி களவாக மரம் ஏற்றிப் பிடிபட்டால், ஏற்றிய ஆளுக்குத் தண்டனை கிடைப்பதோடு முடியாது, வாகனமே அரசுடைமையாகலாம். உரிமையாளர் வேறு ஆளாக இருந்தால் அவருக்குத் தப்ப ஒரு வழி இருக்கிறது, ஆனால் "எனக்குத் தெரியாது ஐயா" என்று சொல்வது அந்த வழி இல்லை. வாகனம் அப்படிப் பயன்படாமல் இருக்க எல்லா முன்னெச்சரிக்கையும் எடுத்தேன் என்று உரிமையாளர்தான் நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். நான் என்ன முன்னெச்சரிக்கை எடுத்தேன்? டீசல் அடித்துக் கொடுத்தேன்.

வேறு மாவட்டத்தில் வாகனத்தை வாடகைக்கு விடுபவருக்கு இடிபட்டு வருமோ, சுரண்டி வருமோ என்ற பயம் இருக்கும். இங்கே அதற்கு மேல் இன்னொரு பயம் இருக்கிறது. நாலு பக்கமும் காடு, கரையெல்லாம் கடல், கடத்துவதற்கு மரம், மணல், மன்னார்ப் பக்கம் கஞ்சா. திரைச்சீலை போட்ட, உள்ளே கட்டில் அடித்த, வெளியில் குடும்பம் சுற்றுலா போவது போலத் தெரிகிற ஒரு வானை விட வசதியான சாமான் இந்தத் தொழில்காரருக்கு வேறு என்ன இருக்கிறது?

இதை ரொறன்ரோவில் இருக்கிற பெரியம்மாவின் மகனிடம் சொன்னால் அண்ணை சிரிக்கிறார். அவர் அங்கே ஒரு மோட்டார் ஹோம் வைத்திருக்கிறார், பெரியது, குளியலறை வரைக்கும் இருக்கிறது. "டேய், நான் முகமே பார்க்காத ஆக்களுக்குக் குடுக்கிறன்" என்கிறார். உண்மை. ஆனால் அவர் கொடுப்பது ஆர்விஸி என்கிற இணையத்தளம் வழியாக. அமெரிக்காவில் அவுட்டோர்சி, ஆர்விஷெயர் என்று இதே மாதிரி இருக்கின்றன. எடுக்க வருகிறவரின் லைசன்ஸை அவர்களே சரிபார்க்கிறார்கள், பிணைப்பணத்தைப் பிடித்து வைக்கிறார்கள், முக்கியமாக அந்த வாடகை நாட்களுக்கென்று தனிக் காப்புறுதி வருகிறது. அவருடைய சொந்தக் காப்புறுதி அங்கேயும் வாடகைக்கு விட்ட நாளில் கைகொடுக்காது, அதனால்தான் அந்த ஏற்பாடு. அவருக்குப் பெரிய தலையிடி என்ன என்று கேட்டேன். கழிப்பறைத் தொட்டியைக் காலி பண்ணாமல் கொண்டுவந்து விடுகிறார்களாம், பக்கத்தால் இழுத்து விரிக்கிற துணிக்கூரையைக் காற்றில் மடிக்காமல் விட்டுக் கிழிக்கிறார்களாம். பனிக்காலம் முழுக்க அது ஓடாமல் நிற்கும், கோடை நாலு மாதத்தில் உழைத்தால்தான் உண்டு. அவர் நிலைமையில் நானும் கொடுப்பேன். யோசிக்கவே மாட்டேன்.

இங்கே அந்த நடுவில் நிற்கிற ஆள் இல்லை, நானும் அந்தக் கொழும்புக்காரரும்தான். காப்புறுதிப் பத்திரத்தை எடுத்து வாசித்தேன், வாங்கின நாளுக்குப் பிறகு முதல் தடவையாக. தனிப்பட்ட பாவனை என்று தெளிவாக அடித்திருக்கிறது. வாடகைக்கு விட்ட வாகனம் ஆனையிறவில் மாட்டில் மோதினால் (ஏ9இல் இரவில் மாடு படுத்திருப்பதைப் பார்க்காத டிரைவர் உண்டா) நான் கட்டின காசு கடலில் போட்டது மாதிரி. வாடகைப் பாவனைக்கு மாற்றலாம், கட்டணம் கூடும், வருடத்தில் இருபது நாள் வாடகைக்காக அதை மாற்றிக் கட்டுவதா என்பது கணக்குப் பார்க்க வேண்டிய விசயம். லீசிங்கில் இருக்கிற வாகனம் என்றால் இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது, பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் லீசிங் கம்பனி, அவர்கள் அனுமதி இல்லாமல் இன்னொருவருக்கு வாடகைக்குக் கொடுத்தால் அங்கேயே சிக்கல் தொடங்கும். எங்களுடையது அப்படி இல்லை, அது ஒரு நிம்மதி.

ஜீபிஎஸ் பூட்டச் சொன்னார்கள். நல்லதுதான், றெண்டுக்கு எடுத்த வாகனத்தைக் கொண்டுபோய் ஈடு வைத்துவிட்டு ஓடுகிறவர்களின் கதை நாங்கள் எல்லாரும் கேட்டிருக்கிறோம், அந்த ஆட்களுக்கு ஜீபிஎஸ் சரி. ஆனால் வான் எங்கே நிற்கிறது என்று சொல்கிற கருவி வானுக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லாது.

இதற்குப் பிறகும் நான் சொல்வது, தெரிந்தவருக்குச் சும்மா கொடுப்பதை விடத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுப்பது மேல் என்பதுதான். தெரியாதவரிடம் எல்லாம் கேட்கலாம். லைசன்ஸ், அடையாள அட்டை, வேலை செய்கிற இடம், பிணைப்பணம், கையெழுத்து. வானைச் சுற்றி அவரோடு சேர்ந்து நடந்து ஒவ்வொரு மூலையும் வீடியோ எடுக்கலாம், மீற்றரைப் படம் எடுக்கலாம். அவர் கோபிக்க மாட்டார், கோபித்தால் அதுவே பதில். தெரிந்தவரிடம் இதில் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள், அடுத்த கலியாணத்துக்கு உங்களுக்குக் கார்ட் வராது.

ஆனால் எழுதி வாங்கினாலும் வானுக்குள் என்ன ஏறுகிறது என்று பார்க்க ஆள் வேண்டும். ஆகவே அந்தக் கொழும்புச் சோடிக்கு முதலில் எழுதியது: வான் தரலாம், ஆனால் எங்கள் டிரைவரோடு. டிரைவர் என்றால் என் மச்சான். அவன் ஓடினால் மரம் ஏறாது, மாடு அடிபடாது, முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் நிறுத்திக் கற்பூரம் கொளுத்தித் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்காமல் வண்டியை எடுக்கவும் மாட்டான். எல்லாம் சரியாக வந்தது என்று நான் சந்தோசமாக இருக்க, மச்சான் கேட்டான், "அத்தான், ராவில நான் எங்க படுக்கிறது?"

யோசிக்கவே இல்லை. சாதாரண ஹயர் என்றால் சனம் லொட்ஜில் படுக்கும், டிரைவர் வானுக்குள் படுப்பான். இங்கே சனம் வானுக்குள். டிரைவர்? வெளியில் கன்வஸ் கட்டில் போட்டு, நுளம்புக்கும் யானைக்கும் நடுவில், புதிதாகக் கலியாணம் கட்டின ஒரு சோடிக்குக் காவல் இருப்பதா? "நான் மாட்டன்" என்றான். நியாயம். அந்தச் சோடியும் விரும்பாது. தனியாக இருக்கத்தானே வானைக் கேட்கிறார்கள்.

இரண்டு நாள் அப்படியே கிடந்தது. பிறகு மனுசிதான் சொன்னாள். "வான் ஓடத்தான் வேணுமோ?"

அளம்பில் பக்கம் மாமாவுக்குக் கடற்கரையோடு ஒரு தென்னங்காணி இருக்கிறது. கிணறு இருக்கிறது, கழிப்பறை இருக்கிறது, ஒரு கொட்டில் இருக்கிறது. வானைக் கொண்டுபோய் அங்கே தென்னைகளுக்கு நடுவில், தேங்காய் விழாத இடமாகப் பார்த்து (இதைச் சிரிக்காமல் வாசியுங்கள், கண்ணாடி விலை தெரியுமா) நிறுத்துவது. திறப்பு எங்களிடம். வருகிறவர்கள் தங்கள் வாகனத்தில் வரட்டும், பகலில் அவர்கள் பாட்டுக்குச் சுற்றட்டும், இரவில் வானுக்குள் கதவைத் திறந்துவிட்டு அலையைக் கேட்டபடி படுக்கட்டும். வைகாசி தொடங்கி ஆவணி வரை அந்தப் பக்கம் கடல் அடங்கிக் கிடக்கும். மாரி தொடங்கினால் மணலும் சேறுமாகி வான் புதையும், அதோடு கடையைப் பூட்ட வேண்டியதுதான். ஒரு இரவுக்கு 7,000. அரைவாசிக்கும் குறைவு என்று தெரியும், ஆனால் ரயர் தேயாது, டீசல் போகாது, எனக்கு நித்திரை வரும்.

காஸ் அடுப்பை மட்டும் வானிலிருந்து எடுத்துக் கொட்டிலுக்குள் வைத்துவிட்டேன். ஆள் படுக்கிற தகரப் பெட்டிக்குள் நெருப்பு வேண்டாம், நாங்கள் பழக்கப்பட்டவர்கள், வருகிறவர்கள் அப்படியில்லை. நிறுத்தி வைத்து ஆட்களைத் தங்க விடுவதும் வாடகைப் பாவனைக்குள் வருமா என்று காப்புறுதிக்காரருக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன். வாயால் சொன்ன பதில் வேண்டாம், கடிதமாகத் தாருங்கள் என்று கேட்டதில் அங்கே இருந்த தம்பிக்குக் கொஞ்சம் எரிச்சல். பரவாயில்லை.

கொழும்புச் சோடிக்கு இதை எழுதினேன். நாலு நாள் கேட்டவர்கள் இரண்டு இரவு போதும் என்றார்கள், அடையாள அட்டைப் படத்தை நான் கேட்க முதலே அனுப்பினார்கள். காப்புறுதிக் கடிதம் வந்த பிறகுதான் நாள் சொல்வேன் என்றேன், சரி என்றார்கள். அம்மா தானும் வந்து மாமா வீட்டில் நிற்கப் போவதாகச் சொல்லிவிட்டார், காலமை பிட்டும் சம்பலும் அவித்துக் கொடுக்கலாமாம், அதற்குத் தனிக் காசாம். வாகனத்துக்குள் படுக்கக் காசு கொடுக்கிற ஆட்களை நேரில் பார்க்க வேண்டுமாம்.

உறவுக்காரர் போன ஞாயிறும் வந்தார். வவுனியாவில் ஒரு செத்த வீடாம். வான் அளம்பிலில் நிற்குது என்றேன். உண்மையில் அன்றைக்கு வான் மாமரத்துக்குக் கீழேதான் நின்றது, அவருக்குப் பின்னால், பத்தடி தூரத்தில். அவரும் திரும்பிப் பார்த்தார். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.