ஒரே மாடி, இரண்டு கரண்ட் பில்

ஊரிலிருந்து மும்பை செம்பூருக்கு வந்திருக்கும் பெரியம்மா, ஃபிரிட்ஜில் செருகியிருந்த கரண்ட் பில்லைப் பார்த்துவிட்டு, "ஊர்ல ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் சும்மா குடுக்குறான், இங்க என்னடா இப்படித் தீட்டுறான்?" என்றார். எதிர்வீட்டு மாமா, "கம்பெனிக்காரன் வைச்சதுதான் விலை" என்று ஒத்து ஊதினார்.

இரண்டுமே சரியில்லை. ஊரில் சும்மா கிடைக்கும் 100 யூனிட்டுக்கும் விலை உண்டு, அதை அரசாங்கம் கட்டுகிறது. இங்கே விலை வைப்பது கம்பெனி இல்லை, கஃப் பரேடில் வேர்ல்ட் டிரேட் சென்டரில் உட்கார்ந்திருக்கும் மகாராஷ்டிரா மின்சார ஒழுங்குமுறை ஆணையம். எங்கள் மாடியிலேயே ஒரு வீட்டுக்கு டாடா பில், இன்னொரு வீட்டுக்கு அதானி பில். வயர் ஒன்றுதான். டாடா வீடுகளுக்கும் நேரடியாகக் கரண்ட் விற்கலாம் என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2009-இல் அடுத்தவர் வயரிலேயே கரண்ட் கொடுக்க ஆணையம் வழி செய்தது. வயருக்கான வாடகையை பில்லில் தனியாகப் போட்டிருக்கிறது, பாருங்கள். மின்சார வரி மட்டும் ஆணையத்தின் கணக்கில் வராது, அது மாநில அரசின் கை.

ஆணையம் வந்தது 1999 ஆகஸ்டில். அதற்கு முன்னால் மாநில மின் வாரியமும் அரசும் பேசி முடித்தால் முடிந்தது. 1993-இல் அமெரிக்கக் கம்பெனி என்ரானோடு டாபோல் மின் நிலைய ஒப்பந்தம் அப்படித்தான் கையெழுத்தானது. கரண்ட் வந்த பிறகு விலை கட்டுப்படியாகாமல் 2001-இல் வாரியம் வாங்குவதையே நிறுத்தியது. இன்று அப்படி ஓர் ஒப்பந்தத்துக்கு ஆணையத்தின் ஒப்புதல் வாங்கியாக வேண்டும். 2003 மின்சாரச் சட்டப்படி, கட்டண மனு வந்தால் பொதுமக்கள் ஆட்சேபங்களைக் கேட்டு 120 நாளுக்குள் ஆணை போட வேண்டும்.

அதற்காக ஆணையத்தைத் தலையில் வைத்துக் கூத்தாட மாட்டேன். 2025 மார்ச் கடைசியில் அரசு மின் விநியோகக் கம்பெனியான மகாவிதரணுக்குக் கட்டணத்தைக் குறைத்து ஆணை போட்டது. கம்பெனி போய் நின்றதும் சில நாளிலேயே அதை நிறுத்திவைத்தது. அதன் கரண்ட் ஓடும் முலுண்டு, பாண்டுப் பக்கம் சந்தோஷப்பட்டவர்களுக்கு அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை.

ஆனால் என் கோபம் நம் மேல்தான். விசாரணைக்குத் தொழிற்சாலைக்காரர்கள் வக்கீலோடு வருகிறார்கள். புனேயின் பிரயாஸ் அமைப்பு ஆரம்ப காலத்திலிருந்தே கணக்கைப் பிரித்து மேய்கிறது. மாதுங்காவிலும் தாராவியிலும் இத்தனை தமிழர்கள் இருக்கிறோம், ஒரு கடுதாசி போட்டிருப்போமா? ஆங்கில, மராத்திப் பேப்பரில் அறிவிப்பு வருகிறது. அந்தப் பக்கத்தில்தான் நாம் வடை வைத்து எண்ணெய் ஒற்றுகிறோம்.

அடுத்த மனு வந்தால் எங்கள் குடியிருப்பு சொசைட்டி சார்பில் ஆட்சேபம் எழுதலாம் என்று நேற்று செயலாளரிடம் கேட்டேன். "எழுதுங்க சார், அப்படியே அந்த லிஃப்ட் விஷயத்தையும் சேர்த்துடுங்க" என்றார்.