முதல் பின்னல் ஸ்கார்ஃப் வேண்டாம், கரித்துணி போதும்

நிட்டிங் பழகலாம் என்று யூடியூபைத் திறந்தால் முதல் பாடமே ஸ்கார்ஃப்தான். ஊசியில் முப்பது கண்ணி, அதாவது நூல் வளையம், ஏற்று, ஒன்றரை மீட்டர் வரும்வரை பின்னிக்கொண்டே இரு. குளிர் நாட்டுக்காரர்களுக்கு அது சரி. தஞ்சாவூரிலும் திருவாரூரிலும் மார்கழியிலேயே பல வீடுகளில் ஃபேன் ஓடுகிறது. அந்த ஸ்கார்ஃபை யார் கழுத்தில் போடுவது? பாதியில் பீரோ மேல் ஏறிவிடும் பின்னல்களுக்கு, கை வராதது காரணமில்லை, பின்னுகிற பொருளுக்கு வீட்டில் வேலை இல்லாததுதான் காரணம் என்பது என் கட்சி.

ஆகவே டெல்டாவில் பழகுகிறவர்கள் அடுப்படிக்கு ஒரு கரித்துணி பின்னுங்கள். ஒரு சாண் சதுரம். கொஞ்சம் கோணிக்கொண்டு வந்தாலும் பால் பாத்திரம் இறக்கப் போதும்.

நூல் பருத்தியாகத்தான் இருக்க வேண்டும். ஃபேன்சி ஸ்டோரில் "உல்லன்" என்று கேட்டால் பெரும்பாலும் அக்ரிலிக்கைத்தான் எடுத்துத் தருவார்கள். வெறுமனே கை பழக அது மோசமில்லை: மலிவு, இழுத்தால் கொடுக்கும், கண்ணி ஏறுக்குமாறாக இருந்தாலும் தெரியாது. ஆனால் சூடான பாத்திரத்தில் பட்டால் உருகிக் கையில் ஒட்டும். பருத்தியில் 8 ப்ளை (நூலின் தடிமனைச் சொல்லும் கணக்கு), 50 கிராம் பந்து ஒன்று வாங்கினால் மிஞ்சும். வெளிர் நிறமாக எடுங்கள். கறுப்பிலும் கருநீலத்திலும் ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் கண்ணியே தெரியாது. தறி இருக்கிற ஊர்க்காரர்கள், கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதே என்று நெசவுக்குக் கட்டாக வந்த சிட்டத்து நூலில் ஆரம்பிக்க வேண்டாம். அது மெலிசு. நாலைந்து இழையைச் சேர்த்துப் பிடித்தாலும் ஊசி நுனி நடுவில் புகுந்து பிளந்துகொண்டே இருக்கும்.

ஊசி 4 மில்லிமீட்டர். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். நம் கடைகளில் புழங்குவது பழைய பிரிட்டிஷ் நம்பர், அதில் 4 மி.மீ. என்பது 8ஆம் நம்பர். அமெரிக்கக் காணொளியில் எட்டு என்று சொன்னால் 5 மி.மீ. போதாக்குறைக்கு வரிசையும் தலைகீழ்: நம் நம்பர் கூடக் கூட ஊசி மெலியும், அவர்களுடையது தடிக்கும். நம் பத்து 3.25 மி.மீ., அவர்கள் பத்து 6 மி.மீ. நம்பரை மறந்துவிட்டு மில்லிமீட்டரைக் கேளுங்கள். நீலகிரியில் தயாராகும் போனி ஊசி உறையில் அது அச்சிட்டிருக்கும்.

அலுமினிய ஊசியே நம் வெயிலுக்குத் தோது. மூங்கில் ஊசியில் கண்ணி நழுவாது, புதியவர்களுக்கு நல்லது என்பார்கள். உண்மைதான், ஆனால் சித்திரை வியர்வையில் பருத்தி நூல் அதில் நகரவே நகராது. இரும்பு ஊசி வேண்டாம். நாகப்பட்டினம், வேதாரண்யம் உப்புக்காற்றில் துரு ஏறி, அந்தக் கறை துணியில் இறங்கும்.

இருபது சென்டிமீட்டர் அகலத்துக்கு 40 கண்ணி. நூலை ஊசியில் 40 சுற்று சுற்றி, அவிழ்த்து, ஒரு சாண் கூட்டி வாலாக விட்டுக்கொள்ளுங்கள். கண்ணி ஏற்ற அந்த வால் போதும். இரண்டு ஊசியையும் சேர்த்துப் பிடித்து அதன்மேல் ஏற்றிவிட்டு ஒன்றை உருவிவிட்டால் முதல் வரிசை இறுகாது. முதல் வரிசையில் ஊசி நுழையாமல் பட்ட அவதியிலேயே நிட்டிங்கை விட்டவர்கள் உண்டு.

பிறகு முழுக்க நிட் என்கிற அடிப்படைக் கண்ணிதான். வலது ஊசியைக் கண்ணிக்குள் முன்னிருந்து பின்னாக நுழைத்து, நூலை அதன் நுனிக்குப் பின்னால் இடப்பக்கமாகக் கொண்டுபோய் இரண்டு ஊசிக்கும் நடுவில் வலப்பக்கம் இறக்கி, அந்தச் சுற்றை முன்னே இழுத்து, பழைய கண்ணியை நழுவவிட வேண்டும். இழுத்த கண்ணி ஊசியின் தடித்த உடம்பில் உட்கார வேண்டும். கூர் நுனியிலேயே போட்டு இறுக்கினால் அடுத்த வரிசையில் ஊசி நுழையாது. குரோஷா (ஒற்றைக் கொக்கி ஊசிப் பின்னல்) தெரிந்தவர்கள் நூலை இடது கையிலேயே பிடிக்கலாம். வலது கையில்தான் பிடிக்க வேண்டும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

40 கண்ணி பத்து வரிசைக்குள் 43 ஆகிவிடும். எல்லோருக்கும் வரும் வியாதி இது. பாதி முறை காரணம் ஓரத்தில் இருக்கிறது. துணியைத் திருப்பியதும் நூல் ஊசிக்கு மேலாகப் பின்னே போய்விடுகிறது. அது முதல் கண்ணியைத் தூக்கி இழுக்க, அதன் இரண்டு கால்களும் ஊசிமேல் ஏறி இரண்டு கண்ணி மாதிரி நிற்கின்றன. நாமும் இரண்டாகவே பின்னிவிடுகிறோம். திருப்பியவுடன் நூலை முதலில் கீழே இழுத்துவிட்டு, ஊசிக்கு அடியால் பின்னே கொண்டுபோங்கள். கண்ணி ஒற்றையாக உட்காரும். நடுவில் ஓட்டை விழுந்து எண்ணிக்கை கூடினால், பின்னும்போது நூல் முன்னே வந்து ஊசிமேல் ஒரு சுற்று ஏறியிருக்கிறது என்று அர்த்தம். எண்ணிக்கை குறைந்தால் கண்ணி நழுவி ஏணி மாதிரி இறங்கியிருக்கும். குரோஷா ஊசியால் ஒவ்வொரு படியாக மேலே தூக்கி ஏற்றலாம், பிரிக்க வேண்டியதில்லை.

பால் பொங்குகிறது என்று வரிசை நடுவில் எழுந்து போனீர்களா? திரும்பி வந்ததும் பந்திலிருந்து வரும் நூல் எந்த ஊசியில் இருக்கிறதோ அது வலது கைக்கு. மாற்றிப் பிடித்தால் வந்த வழியே திரும்பிப் பின்னி, துணி ஒரு பக்கம் மட்டும் உயரும்.

இரண்டு வரிசைக்கு ஒரு மேடு தெரியும். 40 கண்ணிக்கு 40 மேடு, அதாவது 80 வரிசை பின்னினால் ஏறக்குறையச் சதுரம் வரும். அளவுகோல் தேவையில்லை, மூலைக்கு மூலை மடித்துப் பாருங்கள். கண்ணிகளை ஊசியிலிருந்து இறக்கிப் பூட்டி முடிக்கும் வரிசைக்குத் துணி அகலத்தைப்போல் நான்கு மடங்கு நூல் மீதி வேண்டும். தளர்வாக முடியுங்கள், இல்லாவிட்டால் மேல் ஓரம் சுருங்கும். வால் நூலைப் பத்து சென்டிமீட்டருக்குக் குறையாமல் விட்டு மேடுகளுக்குள் கோத்து மறையுங்கள். ஒட்ட வெட்டினால் முதல் துவைப்பிலேயே அவிழும். புழங்கும்போது இரண்டாக மடித்துப் பிடியுங்கள், ஈரத்தோடு பிடிக்காதீர்கள். நனைந்த துணியில் சூடு சட்டென்று கைக்கு ஏறிவிடும்.

ஐப்பசி அடைமழையில் பாதிப் பின்னலை பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் கரும்புள்ளி விழும். துணிப்பை போதும்.

இரண்டாவது துணியில் நிட்டின் மறுபக்கமான பர்ல் கண்ணியைத் தொடங்கலாம். அதற்கு வீட்டில் இருக்கும் பனியனைக் கொஞ்சம் இழுத்துப் பாருங்கள். வெளிப்பக்கம் பொடிப்பொடியாக வி வடிவக் கண்ணிகள், உள்பக்கம் குட்டி மேடுகள். முன்னது நிட், பின்னது பர்ல், இரண்டும் ஒரே கண்ணியின் இரண்டு முகம். 1589இல் இங்கிலாந்தில் வில்லியம் லீ செய்த பின்னல் பொறியின் வாரிசுகள்தான் இன்று திருப்பூரில் ஓடுகின்றன. கை செய்கிற அதே கண்ணியைத்தான் அவையும் போடுகின்றன. ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் என்று மாற்றி மாற்றிப் பின்னினால் அந்தப் பனியன் துணி வரும், ஓரம் சுருளவும் செய்யும். இறுக்கிப் பின்னியதால் என்று நினைத்துப் பிரித்துவிடாதீர்கள், அந்தப் பின்னலின் குணமே அது. மேலும் கீழும் ஆறாறு வரிசை, இரு பக்கமும் நாலு நாலு கண்ணி வெறும் நிட்டாகவே விட்டால் துணி படிந்து கிடக்கும்.