செய்தியில் வருபவர் வீட்டிலும் ஒரு டிவி இருக்கிறது

2025 மே 8ஆம் தேதி இரவு. இந்தியா-பாகிஸ்தான் மோதல் நடந்த வாரம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் நான் வழக்கமாகப் போகும் டீக்கடையில் பத்து மணிக்கு மேலும் கூட்டம் கலையவில்லை. கடைக்காரருக்கு ஹிந்தி ஒரு வார்த்தை தெரியாது. ஆனாலும் ஹிந்திச் சேனலைத்தான் வைத்திருந்தார். சத்தம் அங்கேதான் அதிகம். கராச்சி துறைமுகம் எரிகிறதாம். பின்னணியில் விடாமல் சைரன். பால் பொங்கி அடுப்பில் வழிந்ததைக்கூட யாரும் கவனிக்கவில்லை. விடிந்து பார்த்தால் கராச்சி துறைமுகம் இருந்தபடியே இருந்தது. இரண்டு நாள் கழித்து அரசே சேனல்களிடம், தயவுசெய்து சைரன் சத்தத்தை நிறுத்துங்கள், நிஜமாகவே ஊதும்போது மக்கள் அசட்டையாக இருந்துவிடுவார்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது.

சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அதே வாரம் ஜம்மு-காஷ்மீரின் பூஞ்ச்சில் ஷெல் விழுந்து செத்த ஒரு மதரசா ஆசிரியரைத் தீவிரவாதி என்று சில சேனல்கள் படத்தோடு போட்டன. அப்படி இல்லவே இல்லை என்று பூஞ்ச் போலீஸ் மறுத்தது. அவர் வீட்டிலும் டிவி இருந்திருக்கும். அன்றைக்குத்தான் பிணத்தை அடக்கம் செய்துவிட்டு வந்து உட்கார்ந்திருப்பார்கள்.

போர்ச் செய்தி என்றால் நமக்கு ஹெல்மெட்டும் ‘பிரஸ்’ என்று எழுதிய ஜாக்கெட்டும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆபத்து, துணிச்சல், வீரம். எனக்கு வேறொரு கேள்வி இருக்கிறது. அந்தச் செய்தி யாருக்காக? டீக்கடையில் நிற்கும் எனக்காகவா, செய்திக்குள் கிடப்பவனின் வீட்டாருக்காகவா?

இதைக் கேட்க எனக்கு யோக்கியதை உண்டா என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் போர் எதையும் பார்த்ததில்லை. ஒரு நாளிதழுக்குக் கடலூரில் பகுதிநேர நிருபராக இருந்தேன். சம்பளம் கிடையாது, அச்சில் வந்த செய்திக்கு வரிக்கணக்கில் காசு. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, சுனாமி. தேவனாம்பட்டினத்துக்கு மதியம் போய்ச் சேர்ந்தேன். மணலில் ஒருவர் தன் மகளைத் துண்டால் மூடிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஏழெட்டு வயது இருக்கும். நான் காத்திருந்தேன். அவருக்கு ஆறுதல் சொல்வதற்காக இல்லை. எப்படியும் ஒரு தடவை துண்டை விலக்கிப் பார்ப்பார் என்று தெரியும். விலக்கினார். இரண்டு படம் எடுத்தேன். ஒன்று மறுநாள் வந்தது. அலுவலகத்தில் பாராட்டினார்கள்.

மாவட்டத்தில் அறுநூறு பேருக்கு மேல் போய்விட்டார்கள். ஒரு முகம் எப்படி நினைவில் நிற்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்று மாதம் கழித்து நிவாரணச் செய்திக்காக அங்கே போனபோது அவரே என்னை அடையாளம் கண்டுகொண்டார். அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். “தம்பி, நீங்க எடுத்த படத்துல ஒண்ணு குடுங்க. எம் புள்ள படம் எங்ககிட்ட எதுவும் இல்ல. எல்லாம் வூட்டோட போச்சு” என்றார்.

ஃபிலிம் ரோலை அப்படியே அலுவலகத்துக்கு பஸ்ஸில் அனுப்பிவிடுவோம், திரும்பி வராது. நாலு தடவை கேட்டேன். தேடுகிறோம் என்றார்கள். இன்று வரைக்கும் தேடுகிறார்கள். நான் அந்தப் படத்தை எடுத்தது தப்பா, கொடுக்காமல் விட்டது தப்பா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. இரண்டாவதுதான் பெரிய தப்பு என்று சில ராத்திரிகளில் தோன்றும்.

வெளியிலிருந்து போகிறவர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. லண்டன் ‘சண்டே டைம்ஸ்’ நிருபர் மேரி கொல்வின் 2001 ஏப்ரலில் இலங்கையில் புலிகள் வசமிருந்த வன்னியிலிருந்து ராணுவப் பகுதிக்குள் கடந்தபோது, தான் பத்திரிகையாளர் என்று கத்திய பிறகும் குண்டு வந்து இடது கண் போனது. அதோடு நிற்கவில்லை அந்த அம்மா. 2012 பிப்ரவரியில் சிரியாவின் ஹோம்ஸ் நகரில் உயிரே போனது. ஆனால் அவருக்குத் திரும்பிப் போக ஓர் ஊர் இருந்தது. யாழ்ப்பாணத்துப் பத்திரிகையாளர் நிமலராஜனுக்கு அதுதான் ஊர். 2000 அக்டோபர் 19 இரவு, ஊரடங்கு நேரம், பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்த சொந்த வீட்டில் எழுதிக்கொண்டிருந்தவரை ஜன்னல் வழியாகச் சுட்டார்கள். கையெறி குண்டையும் வீசியதில் அவருடைய பெற்றோரும் காயப்பட்டார்கள். 2004இல் மட்டக்களப்பில் பத்திரிகையாளர் நடேசன், 2005இல் கொழும்பில் பத்திரிகையாளர் சிவராம் கொல்லப்பட்டார்கள். ஜாக்கெட் போட்டுக்கொண்டா வீட்டில் உட்கார்ந்து எழுத முடியும்?

காசாவிலும் இதே கதைதான். 2023 அக்டோபரிலிருந்து வெளிநாட்டு நிருபர்களை இஸ்ரேல் சுதந்திரமாக உள்ளே விடவில்லை, ராணுவத்தோடு போய் ராணுவம் காட்டுவதைப் பார்த்துவிட்டு வரலாம். மிச்சமெல்லாம் உள்ளூர்க்காரர்கள் தலையில். அல்ஜசீரா நிருபர் வாயெல் தஹ்தூஹ், மனைவி, மகன், மகள், பேரன் என்று நாலு பேரை ஒரே குண்டுவீச்சில் இழந்துவிட்டு மறுநாளே மைக்கைப் பிடித்தார். 2024இல் மட்டும் உலகம் முழுக்க 124 பத்திரிகையாளர்களும் ஊடகப் பணியாளர்களும் கொல்லப்பட்டதாக, இதைக் கணக்கெடுக்கும் பத்திரிகையாளர் பாதுகாப்புக் குழு சொல்கிறது. அதில் எழுபது சதவீதத்துக்குப் பக்கம் இஸ்ரேல் கொன்றது. (போர்க்களத்தில் பத்திரிகையாளரும் பொதுமக்களில் ஒருவரே என்று 1977இல் ஜெனீவா ஒப்பந்தத்தோடு சேர்த்த நெறிமுறை ஒன்று இருக்கிறது. இஸ்ரேல் அதில் சேரவில்லை. நாமும்தான்.)

உள்ளூர்க்காரன் என்றால் ஒரு பக்கம் சாய்ந்துதானே எழுதுவான் என்று இங்கேயே கமெண்ட் வரும். சாய்வான்தான். சிவராமே ஒரு காலத்தில் ஈழப் போராளி இயக்கம் ஒன்றில் இருந்தவர். பாண்டிச்சேரிக்குப் போனால் ரங்கப்பிள்ளை வீதி வழியாகப் போவீர்கள். ஆனந்தரங்கப்பிள்ளை பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேவிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, சம்பளம் வாங்கியவர், அதைவிடச் சாய்வான ஆள் கிடையாது. 1748இல் இங்கிலீஷ்காரர்கள் ஊரை முற்றுகையிட்டுக் குண்டு போட்டுக்கொண்டிருந்தபோது, உள்ளே தன் எஜமானர்களே வேதபுரீஸ்வரர் கோயிலை இடித்ததையும், அதில் துய்ப்ளேயின் மனைவிக்கு இருந்த பங்கையும் அவர் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். பக்கம் இருப்பதில் எனக்குச் சங்கடம் இல்லை. தன் பக்கம் செய்ததை எழுதுகிறானா என்றுதான் பார்ப்பேன்.

2009இல் குறிஞ்சிப்பாடி இலங்கை அகதிகள் முகாமில் எனக்கு ஒரு நண்பர் இருந்தார், பெயிண்டர். அவருடைய அக்கா குடும்பம் முள்ளிவாய்க்கால் பக்கம் மாட்டிக்கொண்டிருந்தது. ஐ.நா. ஆட்களை முந்தின செப்டம்பரிலேயே வன்னியை விட்டு வெளியேறச் சொல்லிவிட்டது இலங்கை அரசு. சுதந்திரமான நிருபர் ஒருவரும் உள்ளே இல்லை. வேலை முடிந்து சாயங்காலம் பெயிண்ட் கையோடு பிரவுசிங் சென்டருக்கு வந்துவிடுவார். அங்கிருந்து எப்படியோ வெளியே வந்து இணையத்தில் ஏறிய படங்களை நான் ஒவ்வொன்றாகத் திறப்பேன். மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்ட படங்களை அவர் ஸ்கிரீனில் மூக்கு இடிக்கிற மாதிரி குனிந்து பார்ப்பார். “இந்தச் சீலைக் கரை அக்காவின்ர மாதிரிக் கிடக்குது. கொஞ்சம் பெருசாக்குங்கோ அண்ணை.”

பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடைந்துபோகும். கரை பச்சையா நீலமா என்றுகூடத் தெரியாது. யார் எடுத்தார்கள் என்று எந்தப் படத்தின் அடியிலும் பெயர் இல்லை. அடுத்த படத்தைத் திறக்கச் சொல்வார்.