கூப்பிட்டால் மட்டும் வரட்டும்

எங்கள் அலுவலகத்தில் ஆவணி மாதம் ஒரு தம்பி வேலைக்குச் சேர்ந்தான். காங்கேயத்துப் பக்கம். சேர்ந்த மூன்றாம் நாள் என் பின்னால் வந்து நின்று திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அண்ணா, உங்கள் எடிட்டரில் ஏன் ஒன்றுமே வருவதில்லை? கெட்டுப்போய்விட்டதா?" என்று கேட்டான்.

அவன் கேட்டது, நிரல் எழுதும் மென்பொருளான எடிட்டரில் அடிக்க அடிக்கக் கீழே தொங்குமே, அந்தப் பெயர்ப் பட்டியலை. இரண்டு எழுத்து அடித்தால் பத்துப் பெயர் வந்து வரிசையில் நிற்கும். என்டர் தட்டினால் முதலில் நிற்பது வந்து உட்கார்ந்துகொள்ளும். என் எடிட்டரில் அது தானாக வராது. கெட்டுப்போகவில்லை, நான்தான் வராதே என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஏன் என்று அவனிடம் சொல்லத் தொடங்கி, நடுவில் வாடிக்கையாளர் போன் வந்து, பேச்சு பாதியில் நின்றது. மீதியை இங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒன்று. நான் இந்த வசதிக்கு எதிரி அல்ல. இதற்காக நான் பட்ட பாடு தம்பிக்குத் தெரியாது. 2012, 2013 மின்வெட்டை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு மணி நேரம் கரண்ட் இருக்கும், ஒரு மணி நேரம் இருக்காது. அந்த நாட்களில்தான் விம் என்ற எடிட்டருக்கு, இந்தப் பட்டியலைத் தரும் 'யூகம்ப்ளீட்மீ' என்ற பிளகின், அதாவது ஒட்டுத் துணை நிரல், வந்தது. அதில் ஒரு பகுதி சி பிளஸ் பிளஸ்ஸில் எழுதப்பட்டது. அதை நம் கணினியிலேயே கம்பைல் செய்து, அதாவது ஓடக்கூடிய வடிவத்துக்கு மாற்றி, வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு முன் விம் 7.3.584 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு வேண்டும். என்னிடம் இருந்த உபுண்டு 12.04 இயங்குதளம் கொடுத்ததோ 7.3.429. ஆக, விம்மையே முதலில் கம்பைல் செய்தாக வேண்டும். 2 ஜிபி நினைவகம், பத்து நிமிடம் தாங்கும் யுபிஎஸ். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. பிளகின்மேல் குற்றம் இல்லை, என் கணினியின் வறுமை அப்படி. மாலையில் ஒரு பெயரின் நடுவிலிருந்து இரண்டு எழுத்தைப் பொறுக்கி அடித்ததும் முழுப் பெயர் வந்து நின்றபோது, வீட்டில் இருந்தவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். அப்பா பார்த்துவிட்டு, "இதற்கா காலையிலிருந்து சாப்பிடவில்லை?" என்றார்.

இன்றைக்கு அந்தப் பாடு இல்லை. 2016இல் மைக்ரோசாஃப்ட், ரெட் ஹேட், கோட்என்வி மூவரும் சேர்ந்து 'லாங்குவேஜ் சர்வர் புரோட்டோகால்' என்ற பொது நெறியை அறிவித்தார்கள். நம் நிரலைப் படித்துப் பெயர்களை எடுத்துக் கொடுக்கும் 'சர்வர்' என்ற தனி நிரலும் எடிட்டரும் எப்படிப் பேசிக்கொள்வது என்பதற்கான நெறி அது. அதற்கு முன் பத்து எடிட்டர், இருபது நிரல்மொழி என்றால் இருநூறு பிளகின் எழுத வேண்டிய நிலை. ஈரோட்டில் மஞ்சள் விற்க ஒவ்வொரு விவசாயியும் ஒவ்வொரு வியாபாரியின் வீட்டுக்கும் மூட்டையோடு நடந்தால் எப்படி இருக்கும்? ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் வந்தால் எல்லாரும் ஓரிடத்துக்கு வந்தால் போதும். அதுபோல, மொழிக்கு ஒரு சர்வர், எடிட்டருக்கு ஓர் இணைப்பு, முப்பதில் முடிந்தது கதை. விம்மின் வழிவந்த நியோவிம் எடிட்டர் 2021இல் 0.5 பதிப்பிலேயே அந்த இணைப்பை உள்ளே வைத்துவிட்டது.

இதில் தமிழர்களுக்கென்று ஒரு தனி வினை இருந்தது, சொல்லாமல் போக மனம் வரவில்லை. நிரலில் ஒரு பெயருக்குப் பின் நாம் புள்ளி வைத்ததும் எடிட்டர் சர்வரிடம் மூன்று செய்தி சொல்லும்: எந்தக் கோப்பு, எத்தனையாவது வரி, அந்த வரியில் எத்தனையாவது எழுத்து. மூன்றாவதில்தான் சிக்கல். 'சாயம்' என்று எழுதினால் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடு முறைக்கு ஐந்து, ஏனென்றால் துணைக்காலும் புள்ளியும் தனிக் கணக்கு. அதைக் கோப்பில் சேமிக்கும் முறைகளில் ஒன்றான யுடிஎஃப்-8இல் சேமித்தால் பதினைந்து பைட். அந்த நெறி யுடிஎஃப்-16 என்ற இன்னொரு முறையின் கணக்கில் எண்ணச் சொன்னது, அதாவது ஐந்து. நான் அப்போது வைத்திருந்த பிளகின் ஒன்று பைட்டை எண்ணியது. எங்கள் பில்லிங் மென்பொருளில் லேபிள்கள் எல்லாம் தமிழில்தான் இருக்கும். வரியில் முன்னால் 'சாயம்' இருந்தால் பத்து இடம் தள்ளிப் போய்ப் பெயரைச் செருகும். ஆங்கிலத்தில் மட்டும் எழுதுகிறவர்களுக்கு இது கண்ணிலேயே படாது. 2022இல் வந்த அந்த நெறியின் 3.17 பதிப்பில்தான் எந்தக் கணக்கில் எண்ணுவது என்று இரண்டு பக்கமும் பேசி முடிவு செய்துகொள்ள வழி வந்தது.

சரி, இவ்வளவு பாடுபட்டுப் பெற்றதை ஏன் அடக்கி வைத்தேன்?

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் கணக்கு மென்பொருள் எழுதுவது எங்கள் வேலை. நிட்டிங்கில் பின்னிய துணி சாயப்பட்டறைக்குப் போய்த் திரும்பும்போது எடை குறையும். அதற்கு 'பிராசஸ் லாஸ்' என்று பெயர். இத்தனை சதவீதம் வரை ஒப்புக்கொள்வோம், மேலே போனால் பட்டறைக்காரர் பொறுப்பு என்று பேசி வைத்திருப்பார்கள். எங்கள் நிரலில் அனுப்பிய துணியின் எடைக்கு 'கிரே வெயிட்' என்று பெயர். பாலிதீன் கவரெல்லாம் சேர்த்த எடைக்கு 'கிராஸ் வெயிட்'. ஆங்கிலத்தில் இரண்டுமே ஜி, ஆர் என்று தொடங்கும். ஜி, ஆர், என்டர் என்றால் 'கிரே வெயிட்' வரும் என்று என் விரல்களுக்கு மனப்பாடம். அப்போது நான் வைத்திருந்த பிளகின், கடைசியாக எதைப் பயன்படுத்தினோமோ அதைப் பட்டியலின் உச்சியில் தூக்கி வைக்கும். அன்று காலை முழுவதும் பேக்கிங் அறிக்கை எழுதியிருந்தேன், அதாவது கிராஸ் வெயிட். மத்தியானம் லாஸ் கணக்குக்கு வந்தேன். ஜி, ஆர், என்டர். பழக்கம் கொடிது, பாறையிலும் கோழி சீய்க்கும்.

பிழைச் செய்தி வரவில்லை. எப்படி வரும்? இரண்டும் எண்கள். மொழிச் சர்வருக்கு எண்ணும் எண்ணும் ஒன்றுதான்.

ஒரு லாட்: 25 ரோல், துணி 500 கிலோ, கவரோடு 507. சாயம் போட்டு வந்தது 465. உண்மையான குறைவு 35 கிலோ, சரியாக 7 சதவீதம். பேசி வைத்ததும் 7. என் நிரல் 507இலிருந்து கழித்து, 42 கிலோ, 8.28 சதவீதம் என்று போட்டு, கூடுதலாகப் போன ஆறரைக் கிலோத் துணிக்குப் பட்டறைக்காரர் கணக்கில் பணம் பிடிக்கும் டெபிட் நோட் அடித்துக் கொடுத்துவிட்டது. இப்படி நான்கு லாட்டுக்குப் போனது. பட்டறைக்காரர் அறுபது வயதுப் பெரியவர். காகிதங்களை எடுத்துக்கொண்டு நேராக எங்கள் அலுவலக மாடி ஏறிவிட்டார். எங்கள் பக்கத்தில் வயதில் சிறியவனிடமும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார்கள். கோபத்திலும் அந்த 'ங்க' குறையாது. கேட்கிறவனுக்குத்தான் கூடுதலாகச் சுடும். நான் நடந்ததைச் சொன்னேன். பட்டியல், வரிசை மாறியது, என்டர் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, அது நீங்கள் அடித்ததுங்களா, அதுவாக அடித்துக்கொண்டதுங்களா?" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. அடித்தேன் என்றால் நான் அந்தச் சொல்லை அடிக்கவில்லை. அடிக்கவில்லை என்றால் என்டர் தட்டிய விரல் யாருடையது?

அன்று இரவே அமைப்பை மாற்றினேன். பட்டியல் தானாக வராது. எனக்கு வேண்டுமானால் விம்மில் கன்ட்ரோல்-என் அழுத்திக் கூப்பிடுவேன். வந்தாலும் எதையும் தானாகத் தேர்ந்தெடுத்து நிற்காது, அதற்கு 'நோசெலக்ட்' என்று ஒரு சொல் போதும். என்டர் என்றால் புது வரி, வேறு எந்த அதிகாரமும் அதற்குக் கிடையாது. வேண்டிய பெயரின்மேல் போய் நின்று கன்ட்ரோல்-ஒய் அழுத்தினால்தான் ஏற்பு. விஎஸ் கோடு வைத்திருப்பவர்களும் என்டரில் ஏற்றுக்கொள்வதை அமைப்பில் போய் நிறுத்திக்கொள்ளலாம். இதனால் எனக்கு ஒரு நாளைக்கு எத்தனை நிமிடம் நஷ்டம் என்று தம்பி கேட்டான். அளந்து பார்க்கவில்லை. அளக்கத் தோன்றும் அளவுக்கு எதுவும் போகவில்லை.

செயற்கை நுண்ணறிவு வகைக்கு வருகிறேன். கிட்ஹப் கோபைலட் 2021 ஜூனில் முன்னோட்டமாக வந்து, மறு ஆண்டு ஜூனில் எல்லாருக்கும் திறந்துவிடப்பட்டது. அதன் பின் அதே போலப் பல வந்துவிட்டன. அவற்றில் ஒன்றை, எது என்பது வேண்டாம், இரண்டு மாதம் வைத்திருந்தேன். இது பெயரைச் சொல்வதில்லை, வரியையே எழுதிக் கொடுக்கும். லாஸ் சதவீதம் என்று தொடங்கினேன். அனுப்பிய எடையில் வந்த எடையைக் கழித்து, வந்த எடையால் வகுத்து, நூறால் பெருக்கிச் சாம்பல் நிறத்தில் நீட்டியது. அடைப்புக்குறி, இடைவெளி எல்லாம் லட்சணமாக இருந்தது. அனுப்பிய எடையால் அல்லவா வகுக்க வேண்டும்? 7 சதவீதம் அங்கே 7.53 ஆகும். சாயப்பட்டறைப் பக்கமே போகாதவனுக்கு இரண்டு வகுத்தலும் ஒன்றாகத்தான் தெரியும். மொழிச் சர்வர் நம் நிரலில் இருக்கும் பெயரை எடுத்துக் காட்டுகிறது. இது இருக்கக்கூடியதை ஊகிக்கிறது. இரண்டையும் ஒரே பட்டியலில் ஒரே விசையில் வைப்பதுதான் எனக்கு ஒப்பவில்லை.

எங்கள் அலுவலகத்துக்குக் கீழ்த்தளத்தில் நிட்டிங் ஓடுகிறது. நாள் முழுக்க மேசை லேசாக அதிரும். வட்டப் பின்னல் மெஷினில் நூல் அறுந்தால் அந்தக் கணமே மெஷின் நின்று விளக்கு எரியும். ஆள் வந்து முடிச்சுப் போட்டு ஓட்ட வேண்டும். முதலில் பார்த்தபோது, இதற்குக்கூட நிற்க வேண்டுமா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. நிற்காமல் ஓடினால் என்ன ஆகும் என்று கேட்டேன். மாஸ்டர் மூலையில் கிடந்த ஒரு ரோலை விரித்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். மேலிருந்து கீழ்வரை ஒரு நீள ஓட்டை. என்றைக்கோ சென்சார் கெட்டிருந்த நாளில் ஓடிய துணியாம்.

அதற்காக அந்த வகையை முழுக்க ஒதுக்கிவிடவில்லை. நாற்பது கட்டம் உள்ள படிவம், எக்செல் கோப்பைப் படித்து உள்ளே ஏற்றுவது போன்ற மாட்டு உழைப்புக்குக் கூப்பிடுகிறேன், நன்றாகவே செய்கிறது. கணக்கு இருக்கும் கோப்பில் மட்டும் அதற்கு அனுமதி இல்லை.

தம்பி சொன்ன ஒரு வாதத்துக்கு மட்டும் என்னிடம் முழுப் பதில் இல்லை. அவன் பன்னிரண்டாவது வரை தமிழ் வழியில் படித்தவன். "அண்ணா, எனக்கு ஆங்கில ஸ்பெல்லிங் வராது. பட்டியல் இல்லாவிட்டால் ஒவ்வொரு சொல்லுக்கும் பயமாக இருக்கிறது" என்றான். உண்மை. நானும் அப்படி வந்தவன்தான். ஆனால் அவனுக்கு ஒன்று காட்டினேன். எங்கள் தரவுத்தளத்தில் 'ரிசீவ்ட் வெயிட்' என்ற பெயரில் 'ஈ'யும் 'ஐ'யும் இடம் மாறிக் கிடக்கின்றன. பல வருடத்துக்கு முன் யாரோ தப்பாக அடித்தது, நானாகக்கூட இருக்கலாம். அதன் பின் யாருமே அந்தச் சொல்லை முழுதாக அடிக்கவில்லை. பட்டியல் கொடுத்தது, நாங்கள் வாங்கிக்கொண்டோம். இன்று பார்த்தீனியம் மாதிரி நூற்றுக்கணக்கான இடத்தில் முளைத்திருக்கிறது. வெட்கப்படவும் வேண்டியதில்லை. இணையத்தின் அடிப்படையான எச்டிடிபி நெறியிலேயே 'ரெஃபரர்' என்ற சொல்லில் ஓர் 'ஆர்' குறைவு. 1996இல் ஆவணத்தில் ஏறியது அப்படியேதான் இன்றும் இருக்கிறது.

கடைசியில் இருவரும் பாதி பாதி இறங்கி வந்தோம். அவன் பட்டியலை வைத்துக்கொண்டான், என்டரை மட்டும் எடுத்துவிட்டான். நான் பெயர்களுக்கு ஒரு விதி போட்டேன்: ஒரே கணக்கில் வரும் இரண்டு எடைகள் முதல் மூன்று எழுத்தில் ஒன்றாக இருக்கக் கூடாது. 'கிராஸ் வெயிட்' இப்போது 'கவர் வெயிட்' ஆகிவிட்டது. அந்தப் பெயரை மாற்றும் வேலையை அவனிடமே கொடுத்தேன். மாலையில் வந்து, "முடித்துவிட்டேன் அண்ணா. ரிசீவ்டையும் சேர்த்துச் சரி செய்துவிடட்டுமா?" என்று கேட்டான். மாத முடிவு, பில் எல்லாம் போக வேண்டும். அடுத்த மாதம் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.