எந்த ஊர் வெயிலில் சொன்ன யோசனை?

மாடித்தோட்டம் போடுகிறவர்களிடம் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். இணையத்தில் தோட்டக் குறிப்புகளுக்குப் பஞ்சமே இல்லை. எதைப் பார்த்தாலும் முதலில் ஒன்றைக் கேளுங்கள்: இதைச் சொன்னவர் எந்த ஊரில், எந்த மாதத்தில், எந்த மண்ணில் செடி வளர்க்கிறார்? இதற்குப் பதில் தெரியாத குறிப்பை நான் என் தொட்டிப் பக்கமே கொண்டுபோவதில்லை.

வெண்டை இலை மஞ்சளாகிவிட்டது என்று யாராவது ஒரு படம் போட்டால் போதும், வைத்தியம் வந்து குவியும். எப்சம் உப்பு போடுங்கள், மோர் தெளியுங்கள், வாழைப்பழத் தோலை ஊறவைத்து ஊற்றுங்கள். மஞ்சள் எந்த இலையில் ஆரம்பித்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. அதுதானே முக்கியம்! அடியிலுள்ள முதிர்ந்த இலை முழுசாக வெளிறினால் பெரும்பாலும் தழைச்சத்துக் குறைவு. முதிர்ந்த இலையில் நரம்பு பச்சையாகவே இருக்க, இடைப்பட்ட பகுதி மட்டும் மஞ்சளித்தால் மக்னீசியம் குறைவு. எப்சம் உப்பு என்பது மக்னீசியம் சல்பேட், அதற்கு வேலை இருப்பது இங்கேதான். அதே அடையாளம் நுனிக் கொழுந்தில் தெரிந்தால் இரும்புச்சத்துக் குறைவு. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இதை அடிக்கடி பார்க்கலாம்.

நரம்பெல்லாம் வலைப்பின்னலாக மஞ்சளாகி, நடுப்பகுதி பச்சையாக இருந்தால் கதையே வேறு. அது மஞ்சள் நரம்புத் தேமல், வைரஸ் நோய். வெள்ளை ஈ பரப்புவது. நோய் வந்த செடியைக் குணப்படுத்த மருந்து கிடையாது. பிடுங்கி அப்புறப்படுத்திவிட்டு, அடுத்த முறை அர்கா அனாமிகா மாதிரி ஓரளவு தாங்குகிற ரகத்தை விதைக்க வேண்டும். உப்புக் கரைசலை ஊற்றிக் காத்திருக்கிற நாட்களில் வெள்ளை ஈ பக்கத்துத் தொட்டிக்கெல்லாம் நோயைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

இதையெல்லாம் நான் பணம் கட்டிப் படிக்கவில்லை. கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் இணையதளத்தில் பயிர் வாரியாக ரகம், பட்டம் (விதைக்கும் பருவம்), இடைவெளி, உரம், பூச்சி, நோய் எல்லாம் தமிழிலேயே கிடக்கிறது, இலவசமாக. பெங்களூரு ஹெசரகட்டாவில் இருக்கும் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் தளமும் அப்படித்தான். அர்கா என்ற பெயரில் வரும் ரகங்கள் அவர்களுடையவை. விதையும் இணையத்திலேயே விற்கிறார்கள். இவ்வளவு இருந்தும் நம்மவர்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

வெளிநாட்டுத் தோட்ட வீடியோக்களை நானும் ஆசையாகப் பார்ப்பேன். பதியம் போடுவது, கவாத்து செய்வது போன்ற கைவேலையை அவர்களிடம் கற்றுக்கொள்ளலாம். ஆனால் அவர்களுடைய நாள்காட்டி கடைசி உறைபனியிலிருந்து எண்ணத் தொடங்குகிறது. எந்தச் செடி எங்கே தாங்கும் என்று காட்டும் அமெரிக்க வேளாண் துறையின் புகழ்பெற்ற மண்டல வரைபடம் குளிர்காலத்தின் கடுங்குளிரை வைத்துப் பிரித்தது. மதுரைக்காரருக்கும் சென்னைக்காரருக்கும் அதனால் என்ன பயன்? நமக்குப் பிரச்சினை சித்திரை வெயில். ‘முழு வெயிலில் வையுங்கள்’ என்று லண்டன்காரர் சொல்வதைக் கேட்டு மே மாதத்தில் மொட்டைமாடித் தளத்தில் தக்காளி நாற்றை வைத்தால் வதங்கித்தான் போகும். இங்கே நிழல்வலை வேண்டும். நமக்கு ஆடிப்பட்டம், தைப்பட்டம் என்று தெளிவான கணக்கு இருக்கிறது.

எங்கள் தெருவில் ஒரு அக்கா மாடியில் பீர்க்கை, பாகல் பந்தல் போட்டிருக்கிறார். ஒரு வீடியோவைப் பார்த்துப் பழ ஈப் பொறி வாங்கி மாட்டியிருந்தார். “ஈ விழுந்துகிட்டுதான் இருக்கு தம்பி, காய் மட்டும் அழுகுறது நிக்கல” என்றார். பிஞ்சு ஒன்றைக் கீறிப் பார்த்தால் உள்ளே வெள்ளை வெள்ளையாகப் புழு நெளிகிறது. பொறியைத் திருப்பிப் பார்த்தேன், மெத்தில் யூஜினால். அது மா, கொய்யாவைத் தாக்கும் இனத்தின் ஆண் ஈக்களை இழுக்கும் லூர், அதாவது கவர்ச்சிப் பொருள். பீர்க்கை, பாகலைக் கெடுக்கும் ஈ வேறு இனம். அதற்குக் கியூ லூர் என்ற வேறு கவர்ச்சிப் பொருளை வைக்க வேண்டும். அக்கம்பக்கத்து மாமரத்து ஈயெல்லாம் அக்கா வீட்டுப் பொறியில் வந்து விழுந்துகொண்டிருந்தது. அந்த வீடியோவில் சொன்னது பொய்யில்லை, மாந்தோப்புக்கு. லூரை மாற்றிவிட்டு, அழுகிய பிஞ்சுகளைப் பொறுக்கி அழிக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

பூச்சிக்கும் ஊர் வரலாறு உண்டு. 2008-இல் கோவைப் பகுதியில் பப்பாளி மாவுப்பூச்சி தென்பட்டது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று ஒன்றையும் விடவில்லை. மருந்து அடித்து ஓய்ந்துபோனார்கள் விவசாயிகள். 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அந்த மாவுப்பூச்சிக்குள் வளர்ந்து அதைக் கொல்லும் அசிரோபேகஸ் பப்பாயே என்ற மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்து, பெருக்கி, தமிழ்நாட்டின் பல இடங்களில் விட்டார்கள். பூச்சி அடங்கியது. இன்றைக்குப் பப்பாளியில் வெள்ளைப் படலத்தைப் பார்த்ததும் யாரோ சொன்ன கடும் விஷத்தை அடித்தால், அந்தக் குளவியும் சேர்ந்து சாகும். இதை எந்த வெளிநாட்டு வீடியோவும் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை.

வெளியே தேடத்தான் வேண்டும் என்றால் நம்மைப் போன்ற வெயிலுள்ள இடமாகப் பார்த்துத் தேடுங்கள். புளோரிடா, ஹவாய் பல்கலைக்கழகங்களின் பக்கங்களில் மா, பப்பாளி பற்றி நல்ல குறிப்புகள் இருக்கின்றன. தைவானில் இருக்கும் உலகக் காய்கறி மையம் வெப்ப நாட்டுத் தக்காளி, கத்தரி, மிளகாய்க்கு நம்பத் தகுந்தது. தேடும்போது தாவரவியல் பெயரைப் போடுங்கள். முருங்கைக்கு மொரிங்கா ஒலிபெரா என்று போட்டால் மாத்திரை, பவுடர் விளம்பரத்துக்கு நடுவிலும் சாகுபடிக் கட்டுரை கைக்குக் கிடைக்கும். இலையைப் படம் பிடித்தால் நோயைச் சொல்லும் செயலிகளை ஒரு துப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அது சொன்ன பெயரை வேளாண் தளத்தில் ஒருமுறை சரிபாருங்கள். இணையமே வேண்டாம் என்கிற பெரியவர்களுக்கு, கிசான் கால் சென்டரின் 1800-180-1551 கட்டணமில்லா எண். தமிழிலேயே பேசலாம்.

பல்கலைக்கழகத்தாரிடமும் எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது. உங்கள் பரிந்துரையெல்லாம் ஹெக்டேர் கணக்கில் இருக்கிறது. வெண்டைக்கு ஹெக்டேருக்கு 25 டன் தொழுவுரம் என்று படித்ததும் மாடியில் நாலு செடிப்பை வைத்திருக்கும் இல்லத்தரசி பக்கத்தை மூடிவிடுகிறார். ஒரு ஹெக்டேர் 10,000 சதுர மீட்டர். அப்படியானால் ஒரு சதுர மீட்டருக்கு 2.5 கிலோ. இந்த ஒரு வரியைப் பக்கத்தில் சேர்த்தால் எத்தனை பேருக்கு உதவும்! தொட்டிக்கும் பைக்கும் தனி அட்டவணை, கைப்பேசியில் படிக்கிற மாதிரி எழுத்து, நோய் தாக்கிய இலையின் இருபக்கமும் தெரிகிற பெரிய படம், இவ்வளவுதான் கேட்கிறோம். அதுவரை கத்தரிக்கும் மிளகாய்க்கும் இப்படி உரக் கணக்குப் போட்டு வைத்திருப்பவர்கள் கமெண்டில் பகிருங்கள், தொட்டியின் அளவையும் சேர்த்து எழுதுங்கள்.